கடாரத்து மலையடியில் ஒரு நாள்

(கிள்ளானில் நடைபெற்ற தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பள்ளி விடுமுறை நெருங்குகின்றது. பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் வினா இல்லந்தோறும் எழும் காலம் இது. சென்ற ஆண்டு எங்கள் வீட்டிலும் எழுந்தது. கடற்கரை என்றாள் மகள்; கேமரன் மலை என்றான் மகன். நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவி ஓய்ந்த என் தாயாரோ, “கெடாவிலே நம்மவர் கட்டிய பழங்கோயில் இருக்கிறதாமே, கண் மூடுமுன் அதைக் காட்டு” என்றார். அத்துடன் வாதம் முடிந்தது.

அவர் குறிப்பிட்டது ஜெராய் மலையின் தென்புற அடிவாரத்தில், மெர்போக் வட்டாரத்தில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கு. பிரிக்பீல்ட்ஸ் கே.எல். சென்ட்ரலில் மின்தொடர் வண்டி ஏறிச் சுங்கை பட்டாணியில் இறங்கினோம். அங்கிருந்து வாடகை வண்டி. விடுமுறை நாள்களில் இருக்கைகள் விரைந்து நிரம்பிவிடும். ஆகவே பயணச்சீட்டை முன்னதாகவே வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வருவதற்கும் சேர்த்தே வாங்குங்கள். நாங்கள் வாங்கத் தவறி, ஓரிரவு கூடுதலாகத் தங்க நேர்ந்தது. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதையும், வெள்ளி நண்பகல் தொழுகை வேளை என்பதையும் நினைவில் வைத்து நாளைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டின் முதல் இரண்டு மாதங்கள் அங்கே மழை குறைந்தவை.

தொல்பொருள் காட்சியகத்திற்குப் பின்னே மேட்டில் ஏறினால் புக்கிட் பத்து பகாட் கோயில் தெரியும். அருகே ஓடை சலசலக்கின்றது. வெட்டிய கருங்கல்லால் ஆன அடித்தளம். கருவறை இருந்த விமானப் பகுதி. அதன் முன்னே மண்டபம். கூரை மரத்தாலும் ஓலையாலும் ஆனதாக இருந்திருக்க வேண்டும். அது மக்கி மறைந்துவிட்டது. தூண்கள் நின்ற கற்கள் மட்டும் வரிசையாக எஞ்சியுள்ளன. என் மகள் அவற்றை எண்ணிக்கொண்டே நடந்தாள். 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் தம் துணைவியாருடன் இப்பள்ளத்தாக்கை அகழ்ந்தார். பின்னர் 1959, 1960ஆம் ஆண்டுகளில் அலஸ்டேர் லேம்ப் இக்கோயிலைச் சீரமைத்தபொழுது, அடித்தளத்தில் புதைத்து வைத்திருந்த கற்பேழைகள் கிடைத்தன.

“இராசேந்திரன் கட்டியதுதானே?” என்று வினவினார் தாயார். ஆம் என்று சொல்லி அவரை மகிழ்வித்திருக்கலாம். ஆயினும் அது உண்மையன்று. 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் கடாரத்தின்மேல் படையெடுத்தான். கடாரம் கொண்டான் என்று பெயர் பெற்றான். அவன் இங்கு வந்தது வெல்வதற்கு. இப்பள்ளத்தாக்கிலோ அவனுக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே சைவமும் பௌத்தமும் வழங்கின. தொலைக்கடலிலிருந்தே தெரியும் ஜெராய் மலையை அடையாளமாகக் கொண்டு வணிகர் கலம் செலுத்தினர். காற்றுத் திசை மாறும்வரை இங்கே தங்கினர். உள்ளூர் மக்களும் வந்தவர்களும் சேர்ந்து வளர்த்த ஊர் இது. சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும் வெளிப்பட்டன.

தாயாரின் முகம் சற்று வாடியது. அப்பொழுது மற்றொரு செய்தியைக் கூறினேன். இராசேந்திரனின் தந்தை இராசராசன் காலத்தில் கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் புத்த விகாரை எழுப்பினான். இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். “நாகப்பட்டினமா? உன் தாத்தா கப்பல் ஏறியது அங்கேதானே!” என்றார் தாயார். அதன்பின் வெகுநேரம் அந்தக் கல்லின்மேல் அமர்ந்திருந்தார்.

அன்பர்களே, இவை என்றும் இருக்கும் என்று எண்ணி நாளைக் கடத்த வேண்டா. 2013ஆம் ஆண்டில் இதே பள்ளத்தாக்கில், பதினோராம் எண் பெற்றிருந்த பழங்கோயில் வீடமைப்புக்காக நிலம் சமன்செய்யப்பட்டபொழுது இடிக்கப்பட்டது. அது தனியார் நிலத்தில் இருந்தது; பாதுகாக்கப்பட்ட இடமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. செய்தி வெளிவந்து மக்கள் கொதித்தெழுந்தபொழுது செங்கல் மேடு போய்விட்டிருந்தது. தோட்டங்களில் வேலை செய்வோர் மண்ணைத் தோண்டும்பொழுது பழஞ்செங்கல்லோ செதுக்கிய கல்லோ கண்டால் அதை எடுக்காமல், இடம் பெயர்க்காமல், காட்சியகத்தாரிடம் தெரிவித்துவிடுங்கள். கல் கிடந்த இடமே பாதிச் செய்தியைச் சொல்லும்.

இனி மலையேற விரும்பும் இளைஞர்களுக்கு ஒரு சொல். ஜெராய் 1,200 மீட்டருக்கும் சற்று உயர்ந்தது. யான் பக்கத்துத் தித்தி ஹாயூன் அருவியிலிருந்து காட்டுவழி உண்டு. வனத்துறையின் அனுமதியும் வழி தெரிந்தவர் துணையும் இன்றிக் கிளம்பாதீர்கள். விடியலில் ஏறி, பிற்பகல் மழைக்குமுன் இறங்கிவிடுங்கள். முதியோரையும் சிறுவரையும் கூட்டிச் செல்வோர் குருன் பக்கத்து வளைவுச் சாலையில் வண்டியில் செல்வதே நலம்.

கோயில் மேட்டிற்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. ஆயினும் ரப்பர் அடி கொண்ட காலணி வேண்டும். சாதாரணச் செருப்புடன் சென்று பாசிக்கல்லில் வழுக்கி விழுந்தவன் நானே. என் தாயாரோ தோட்டத்துக் காலணியுடன் உறுதியாக ஏறினார். ஆளுக்கொரு புட்டி நீரும், அட்டைக் கடிக்குச் சிறிது உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுச்சோற்றை ஓடைக்கரையில் உண்ணலாம். இலையையும் பையையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். கற்களின்மேல் கற்பூரம் ஏற்ற வேண்டா. தாயார் கையெடுத்து வணங்கினார். அதற்கு எவரும் தடை சொல்லவில்லை.