வோல்க்கர் கண்ட உழவர்
(மதுரை வட்டாரத்தில் ஊராட்சி உறுப்பினர், உழவர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

இரசாயனம் என்றவுடன் நம்மில் பலருக்கு யூரியா மூட்டைதான் நினைவுக்கு வருகிறது. இன்று நாம் பேசப் போவதும் ஓர் இரசாயன நிபுணரைப் பற்றியே. ஆயினும் அவர் மூட்டை விற்க வந்தவரல்லர்.

ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்பது அவர் பெயர். இங்கிலாந்தின் அரச வேளாண்மைக் கழகத்தில் ஆலோசனை இரசாயன நிபுணராக இருந்தவர். இந்திய விவசாயத்தை விஞ்ஞான முறையில் அபிவிருத்தி செய்ய வழி கூறுமாறு அன்றைய அரசாங்கம் அவரை அழைத்தது. 1889 டிசம்பரில் வந்தார். ஓராண்டுக்கு மேல் நாடெங்கும் சுற்றினார். அவரது அறிக்கை 1893-ல் வெளியாயிற்று. பெரியாறு அணை அப்போது கட்டி முடியவில்லை. நம் மதுரைச் சமவெளி வானத்தையும் கண்மாயையும் நம்பிக் கிடந்த காலம் அது.

இந்தியக் குடியானவனுக்கு உழவே சரியாகத் தெரியாது என்று இங்கிலாந்திலே பலர் எண்ணியிருந்தனர். வோல்க்கர் அதை மறுத்தார். சிறப்பாகச் சாகுபடி நடைபெறும் இடங்களில் நம் உழவர் அந்நாட்டுச் சராசரி உழவருக்குச் சளைத்தவரல்லர், சிலவற்றில் மேலானவர் என்று எழுதினார். விளைச்சல் குறையுமிடத்தில் குறை அறிவில் அன்று. தண்ணீர், எரு முதலிய வசதிகளில் என்றார். ஆதலால், புதியதைப் புகுத்துமுன் உள்ளூர் வழக்கங்களை ஆராய வேண்டும் என்பது அவர் கொள்கை. எங்களைப் போன்ற அலுவலர்கள் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய கொள்கை!

அவருக்கு முன்னரே, ஜெர்மானிய இரசாயன மேதை லீபிக், எந்தச் சத்து மிகக் குறைவோ அதுவே விளைச்சலின் அளவைத் தீர்மானிக்கும் என்று பரப்பினார். அது மெய். ஆனால் தழைச்சத்தைத் தனியே இட வேண்டியதில்லை, காற்றே தந்துவிடும் என்றும் அவர் எண்ணினார். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வயல்களில் 1843 முதல் நடந்த சோதனைகள் அதனைப் பிழையெனக் காட்டின. பயறுவகைச் செடிகளோ வேர் முடிச்சிலுள்ள நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பெறுகின்றன என்பதை 1886-ல் ஹெல்ரீகல் விளக்கினார். மேதையின் சொல்லானாலும் வயலில் வைத்துப் பார்த்த பின்னரே விஞ்ஞானம் ஏற்கிறது.

வோல்க்கர் மிகவும் வருந்தியது வறட்டியைக் கண்டுதான். சாணத்தை எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது. மணிச்சத்தும் சாம்பல் சத்துமே சாம்பலில் தங்குகின்றன. அதற்காக வறட்டி தட்டியவர்களை அவர் பழிக்கவில்லை. விறகு கிடைத்தால் சாணத்தை ஏன் எரிக்கப் போகிறார்கள்? எனவே விறகுக்கும் தீவனத்துக்கும் தனிக் காடுகள் வளர்க்கச் சொன்னார். (பிற்காலத்தில் சீமைக்கருவேல் விறகு தந்தது, கண்மாயையும் பிடித்துக்கொண்டது.)

திருமங்கலம் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில் இதனை நாங்கள் எடுத்துரைத்தபோது ஒரு பெரியவர் எழுந்தார். "வறட்டி தட்டி எத்தனையோ வருஷமாச்சு ஐயா. வீட்டுக்கு வீடு கேஸ் வந்தாச்சு. எருவைச் சேர்க்கச் சொல்றீங்க. மாடு எங்கே இருக்கு?" என்றார்.

விடை கூற எங்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. டிராக்டர் வந்தது, உழவு மாடு போயிற்று. 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறத்தாழ 20 கிலோ தழைச்சத்து உண்டு. தொழுவெருவாயின் அதற்கு நான்கு டன் வேண்டும். ஆனால் அந்த நான்கு டன் மண்ணுக்கு அளிக்கும் மக்கு மூட்டையில் இல்லை. ஈரத்தைப் பிடித்து வைப்பது அந்த மக்குதான். மாடில்லாத ஊரில் அதற்கு வழி பசுந்தாள் உரம். நஞ்சைக்குத் தக்கைப்பூண்டு, மானாவாரிக்குச் சணப்பு. ஏக்கருக்கு 20 கிலோ விதை விதைத்து, பூக்கும் பருவத்தில், ஏறத்தாழ 45 நாளில், மடக்கி உழுதுவிடலாம். செம்மண் நிலத்தார் முறைப்படி அனுமதி பெற்றுக் கண்மாய் வண்டலும் அடிக்கலாம். இவற்றோடு மண் பரிசோதனையும் செய்தால், எது குறை என்பது தெரியும்.

பெரியவர் ஒத்துக்கொண்டார், ஆனால் அரை ஏக்கருக்கு மட்டும். மீதி நிலத்தில் பழையபடிதான் செய்வாராம். ஏன் என்று கேட்டோம்.

"பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தானே தெரியும்?" என்றார்.