நாலு பேரை ஆட வைப்பவர்



பட்டமளிப்பு விழாவில் விளையாட்டு வாத்தியார் கையில் மைக் கிடைப்பது அபூர்வம். கிடைத்ததை விட மனமில்லை. எனக்குத் தெரிந்ததைத்தான் பேசப் போகிறேன்: கூடைப்பந்து. அதிலும் ஒரே ஒரு கேள்வி. நன்றாக ஆடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிலரை மட்டும் ஏன் உலகம் சூப்பர் ஸ்டார் என்கிறது?

நம் தாமிரபரணிக் கரையில் வாலிபாலுக்கும் கபடிக்கும் கூடுகிற கூட்டம் கூடைப்பந்துக்குக் கூடாது. ஆனாலும் வேலைக்குப் போகப் போகிறவர்கள் அந்த ஆட்டத்தை ஒருமுறையாவது ஊன்றிப் பார்க்க வேண்டும். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், பத்தடி உயரத்தில் வளையம், ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். பந்து கைக்கு வந்தால் 24 நொடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். கிரிக்கெட்டில் அடுத்தவர் மட்டை பிடிக்கும்போது நீங்கள் நிழலில் உட்கார்ந்திருக்கலாம். இங்கே ஐந்து பேரும் சேர்ந்து தாக்க வேண்டும், ஐந்து பேரும் ஓடிவந்து தடுக்க வேண்டும். ஒருவர் சுணங்கினால் மற்ற நாலு பேருக்கும் உடனே தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் 1961-62 பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வில்ட் சேம்பர்லின் என்ற ஆட்டக்காரர் அந்தப் பருவம் முழுக்க ஆட்டத்துக்குச் சராசரியாக 50.4 புள்ளி எடுத்தார். 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி. இரண்டு சாதனைகளும் இன்றுவரை முறியவில்லை. அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது யாருக்குப் போனது? பில் ரசலுக்கு. அவர் சராசரி 20 புள்ளிகூட இல்லை. அக்காலத்தில் அந்த விருதுக்கு ஓட்டுப் போட்டவர்கள் பத்திரிகைக்காரர்கள் அல்ல, சக ஆட்டக்காரர்கள். களத்தில் எதிரே நின்று இடி வாங்கியவர்களின் தீர்ப்பு அது.

ஏன் அப்படித் தீர்ப்பளித்தார்கள் என்பதற்கு ஒரு காட்சி போதும். எதிராளி எறியும் பந்தை உயரமானவர்கள் தட்டிவிடுவது வழக்கம். பலரும் பந்தைப் பார்வையாளர் வரிசைக்குப் பறக்க அடிப்பார்கள். கைதட்டல் காதைப் பிளக்கும். ஆனால் பந்து மறுபடி எதிரணிக்கே போய்விடும். ரசல் மெல்லத்தான் தட்டுவார். பந்து களத்துக்குள்ளேயே விழும்; தன் அணிக்காரர் அதை எடுத்துக்கொண்டு எதிர்க் கூடைக்கு ஓடிவிடுவார். கைதட்டல் ஓடியவருக்கு, புள்ளியும் அவர் கணக்கில். ரசல் ஆடிய 13 பருவங்களில் 11 முறை அவர் அணியான பாஸ்டன் செல்டிக்ஸ் கோப்பை வென்றது. சேம்பர்லின் சாதாரண ஆளில்லை. அவர் திறமைக்கு ஈடு சொல்வது கஷ்டம். ஆனால் அவருக்குக் கிடைத்த கோப்பைகள் இரண்டு.

அடுத்து டிம் டங்கன். இவரைப் பற்றி உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். கரீபியன் கடலில் செயின்ட் குரோய் என்ற சின்னத் தீவில் பிறந்தவர். சிறுவயதில் நீச்சல் வீரர். 1989இல் ஹ்யூகோ புயல் அடித்து, அவர் பயிற்சி எடுத்த நீச்சல் குளம் பாழானது. அடுத்த ஆண்டே தாய் புற்றுநோயில் இறந்தார். நீச்சலை விட்ட பையன் கூடைப்பந்துக்கு வந்தான். கல்லூரியில் படிக்கும்போதே என்.பி.ஏ. அணிகள் அவரை எடுக்கக் காத்திருந்தன. பாதியில் படிப்பை விட்டிருந்தால் கோடிக்கணக்கில் பணம். அவர் போகவில்லை. பட்டம் வாங்குவேன் என்று அம்மாவிடம் கொடுத்த வாக்கு இருந்தது. நாலு வருடமும் படித்து உளவியலில் பட்டம் வாங்கிக்கொண்டுதான் 1997இல் சான் அந்தோனியோ ஸ்பர்ஸ் அணிக்குப் போனார். அந்த ஆண்டு புது ஆட்டக்காரர்களை என்.பி.ஏ. அணிகள் தேர்வு செய்தபோது முதல் ஆளாகத் தேர்வானவரும் அவரே. 19 பருவம் அதே அணி, ஐந்து கோப்பை.

அந்த அணியின் அப்போதைய கோச் கிரெக் பாப்பொவிச் யாருக்கும் பயப்படாமல் பேசுபவர். எல்லோர் முன்னாலும் டங்கனைத் திட்டுவார். டங்கன் எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொள்வார். அணியின் பெரிய ஆளே திட்டு வாங்கிக்கொண்டு பயிற்சிக்குப் போகும்போது, நேற்று வந்தவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள முடியுமா?

அதற்காகப் பந்தைப் பிறருக்குத் தள்ளிவிட்டு ஒதுங்கி நிற்பவர் நட்சத்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். 2013 இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டம், கடைசி நிமிடம், ஸ்பர்ஸ் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்தைக் கேட்டு வாங்கி, கூடைக்குப் பக்கத்தில் போய் எறிந்தார் டங்கன். தவறியது. துள்ளி வந்த பந்தைத் தட்டினார், அதுவும் தவறியது. திரும்பி ஓடிப்போய் இரண்டு கையாலும் தரையில் அறைந்தார். கோப்பை எதிரணியான மயாமிக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு அதே மயாமியை 4-1 என்று வீழ்த்தினார்கள். இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது 22 வயது காவை லெனர்டுக்குக் கிடைத்தது. 38 வயது டங்கனுக்கு அதில் குறையொன்றும் இல்லை.

இதெல்லாம் அமெரிக்காவில் நடக்கும், நமக்கு எங்கே என்று கேட்பீர்கள். நம் நாட்டில் கூடைப்பந்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது இன்றும் கடினம்தான். ரயில்வே, வங்கி, காவல்துறை என்று ஒரு வேலையில் சேர்ந்து, பணியையும் பயிற்சியையும் சேர்த்துத்தான் நம் ஆட்டக்காரர்கள் ஓட்டுகிறார்கள். சென்னையின் அனிதா பால்துரை அப்படி வந்தவர். தென்னக ரயில்வே ஊழியர். 19 வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குக் கேப்டன். 2001 முதல் 2017 வரை தொடர்ந்து ஒன்பது ஆசியப் போட்டித் தொடர்களில் ஆடியவர். குழந்தை பெற்ற பிறகு திரும்பிவந்து, 2017இல் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை பி பிரிவில் ஆடினார். இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று வென்று இந்தியா ஏ பிரிவுக்கு ஏறியது. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ. கோடிகள் இல்லாத, தொலைக்காட்சி வெளிச்சம் இல்லாத ஆட்டத்தில் இத்தனை வருடம் நிலைத்து நிற்க, அணி தனக்கு என்ன தரும் என்று கணக்குப் பார்க்கிறவரால் முடியாது.

நீங்கள் அணியாக ஆடத் தெரியாதவர்கள் இல்லை. 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளத்தில் பாலம் சேதமாகி நம் ஊர் ஏரல் தனித்தீவாக நின்றபோது, கழுத்தளவு தண்ணீரில் அடுத்த வீட்டுப் பெரியவர்களைத் தூக்கி வந்தவர்கள் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள். அதே வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் இருந்த நூற்றுக்கணக்கானவர்களுக்குப் புதுக்குடி மக்கள் இருந்த அரிசியைப் பொங்கிப் போட்டார்கள். எவர் எத்தனை பேருக்குச் சோறு போட்டார் என்று எந்தப் புள்ளிப் பலகையிலும் எழுதவில்லை.

நாளை நீங்கள் ஒரு வங்கிக் கிளையிலோ, மருத்துவமனையிலோ, சென்னையில் ஒரு கம்பெனியிலோ, துபாயிலோ வேலைக்குச் சேர்வீர்கள். அங்கும் உங்கள் தனிப் புள்ளியை எண்ணிக் காட்ட ஆள் இருப்பார்கள். சம்பள உயர்வுக்கு அது தேவை. அதை எடுங்கள், தப்பில்லை. கூடவே உங்களை நீங்களே மூன்று கேள்வி கேளுங்கள். நான் சேர்ந்த பிறகு என் பக்கத்து மேஜைக்காரரின் வேலை எளிதாகியிருக்கிறதா? மேலதிகாரி கண்டித்தபோது அதைக் கேட்டுத் திருத்திக்கொண்டேனா? நெருக்கடி நேரத்தில் பந்தை என்னிடம் கொடுங்கள் என்று கை நீட்டினேனா? மூன்றுக்கும் ஆம் என்று உங்களோடு வேலை செய்கிறவர்கள் சொன்னால், நீங்கள்தான் அந்த அலுவலகத்தின் நட்சத்திரம். அதை நீங்களே சொல்லிக்கொள்வது செல்லாது. ரசலுக்கு ஓட்டுப் போட்டவர்களைப் போலச் சக ஆட்டக்காரர்கள் சொல்ல வேண்டும்.

கூட இருக்கிற நாலு பேரையும் நன்றாக ஆட வையுங்கள். உங்களைப் பெற்றவர்களுக்கும், படிப்பித்த இந்தக் கல்லூரிக்கும், நம் ஏரலுக்கும் பெருமை தேடித் தாருங்கள். வாழ்த்துகள்.