நகத்தில் தெரியும் சோகை



சிறு வயதில் கொக்குகள் பறக்கக் கண்டால் நகங்களை உரசிக்கொண்டு பூக் கேட்டவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். அந்த வெண்புள்ளிகள் பெரும்பாலும் நகத்தின் வேரில் பட்ட சிறு அடியின் அடையாளமே. சுண்ணாம்புச் சத்துக் குறைவென்று அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது வேறு. அதையோ நாம் உற்றுப் பார்ப்பதேயில்லை.

நலமுள்ள நகம் சற்றே மேடிட்டிருக்கும். அடியில் இளஞ்சிவப்புத் தெரியும். இரும்புச்சத்து நெடுநாள் குறைந்தால் நகம் வெளிறி, மெலிந்து, எளிதில் உடையும். தட்டையாகிப் பின்னர்க் கரண்டிபோல் குழியும். அதன்மீது இட்ட ஒரு சொட்டு நீர் வழியாமல் நிற்கும். எல்லார்க்கும் இவ்வாறு குழிவதில்லை. ஆகவே நகம் குழியவில்லை என்பது சோகை இல்லை என்பதற்குச் சான்றாகாது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் சோகையுடையோர். பொழுது சாயுமுன் அனைவர்க்கும் பரிமாறிவிட்டு, எஞ்சிய சில நிமிடங்களில் உண்டதாகப் பேர் பண்ணும் தாய்மார்கள் நம் இல்லங்களில் இல்லையா? படியேறும்போது வாங்கும் மூச்சை அவர்கள் வேலைக் களைப்பென்றே சொல்லிவிடுகிறார்கள். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால், கருவுற்றோர்க்கு 11 கிராமுக்குக் குறைந்தால், அது களைப்பன்று, சோகை.

புலால் மறுத்ததே காரணமென்று சிலர் எளிதாகச் சொல்வர். கொள்ளிலும் பயறுகளிலும் கீரைகளிலும் இரும்பு உண்டு. உடல் அதனைக் குறைவாகவே ஏற்கும் என்பது உண்மை. எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் சேர்ந்தால் கூடுதலாக ஏற்கும். உண்டவுடன் பருகும் காப்பியும் தேநீரும் அதனைத் தடுக்கும். பி12 உயிர்ச்சத்து வேறு கதை. நம் உணவில் அது பாலிலும் தயிரிலுமே கிடைக்கிறது. அவற்றையும் விலக்கியோர் மருத்துவரைக் கலந்து அதற்குரிய மாத்திரை கொள்ளல் வேண்டும்.

ஐம்பதைக் கடந்த ஆடவர்க்கு இரும்புச்சத்துக் குறைந்தால் கீரையோடு நிறுத்திவிடாதீர்கள். குடலில் எங்கேனும் இரத்தம் கசிகிறதா என்று பார்த்தே தீரவேண்டும்.

நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டரே வளரும். முழுதும் புதிதாக ஆறு மாதமாகும். களைப்பு நீங்கியதும் மாத்திரையை நிறுத்துவோரே மிகுதி. ஹீமோகுளோபின் சீரான பின்னரும் மூன்று மாதமளவு தொடர்ந்தால்தான் உடலின் இருப்பு நிரம்பும்.

மருத்துவரிடம் செல்லுமுன் நகச்சாயத்தைத் துடைத்துவிடுங்கள். மருதாணியிட்ட கையெனில், கீழ்க்கண்ணிமையின் உட்புறத்தைக் காட்டுங்கள்.