மிளகாய் எண்ணெயில் ஈரம் வேண்டாமுங்க
(வீட்டிலேயே உணவுப் பொருள் தயாரிக்கும் மகளிருக்காகக் கோவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கொங்கு நாட்டுக்காரங்களுக்கு மிளகாய் எண்ணெய் புதுசில்லை. பள்ளிபாளையம் சிக்கனை நினைத்துப் பாருங்க. வரமிளகாயைக் கிள்ளி, விதையை உதறி, எண்ணெயில் வதக்குறோம். சட்டியில் சிவப்பாக மிதக்குதே, அந்த எண்ணெய்தான் கறிக்கே ருசி. காரத்தைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். மிளகாய் நறுக்கிய கை எரிந்தால், எண்ணெய் தேய்த்துவிட்டு அப்புறம் சோப்புப் போடச் சொல்வதும் இதனால்தான்.

இப்போ ரீல்ஸ் பார்த்துவிட்டு, எண்ணெய்ப் பாட்டிலுக்குள் நாலு பூண்டுப் பல்லும் பச்சை மிளகாயும் மிதக்கவிட்டு, அடுப்பு மேடையில் வாரக்கணக்கில் வைக்கிறாங்க. பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா அதை வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன்.

மண்ணில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்றொரு நுண்ணுயிரி உண்டு. அதன் வித்துகள் பூண்டிலும் பச்சை மிளகாயிலும் ஒட்டி வரலாம். கழுவினாலும் முழுசாகப் போகாது, கொதிநீரிலும் சாகாது. காற்றுப் படாமல், ஈரத்தோடு, புளிப்பில்லாத இடம் கிடைத்தால் முளைத்து விஷத்தை உண்டாக்கும். எண்ணெயில் மூழ்கிய பூண்டு அதற்கு வசதியான இடம். "எண்ணெய் நல்லாக் காய்ஞ்சிருச்சே" என்பீங்க. எண்ணெய் 180 டிகிரிக்குப் போனாலும், பூண்டுக்குள் ஈரம் இருக்கிறவரை அதன் உள்சூடு 100-ஐத் தாண்டாதுங்க.

கனடாவின் வான்கூவரில் 1985-ல் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு இந்த நோய் வந்தது. குளிரில் வைக்க வேண்டிய எண்ணெய்ப் பூண்டு வெளியில் இருந்ததுதான் காரணம். வாடையோ நிறமோ மாறாமலே விஷம் இருக்கலாம். அதனால பலருக்கு முதலில் வேறு ஏதோ நோய் என்றே நினைத்தாங்க. பார்வை இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, பேச்சு குழறுவது, விழுங்க முடியாமல் போவது: இவைதான் அறிகுறிகள். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. உடனே 108-ஐக் கூப்பிடுங்க, என்ன சாப்பிட்டோம் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்க.

"அப்போ அம்மா போடுற பூண்டு ஊறுகாய்?" என்று கேட்கலாம். அதில் உப்பும், எலுமிச்சையோ புளியோ தாராளமாக இருக்கு. அந்தப் புளிப்பில் இது வளராது. வெறும் எண்ணெயில் அந்தக் காவல் இல்லை.

சரி, எப்படிச் செய்வது? 250 மில்லி எண்ணெய்க்கு 25 கிராம் வரமிளகாய் போதும். பூஞ்சை பிடிக்காததாகப் பார்த்து எடுத்து, வெயிலில் நன்றாகக் காய வையுங்க. ஒடித்தால் படக்கென்று ஒடியணும். வளைந்தால் ஈரம் இருக்கு என்று அர்த்தம். காம்பை நீக்கி, ஒன்றிரண்டாகப் பொடித்துக்கொள்ளுங்க. செக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறியதும் மிளகாயைப் போடுங்க. கொதிக்கிற எண்ணெயில் போட்டால் மிளகாய் கருகும், வீடெல்லாம் நெடிதான். நன்றாக ஆறியதும் வடிகட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்க. தேங்காய் எண்ணெயிலும் செய்யலாம், ஆனால் ஃப்ரிட்ஜில் கல்லாக உறையும், காங்கேயத்துக்காரங்க கோவிச்சுக்காதீங்க. பூண்டு வாசம்தான் வேணும் என்றால் அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே தாளியுங்க. மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் 4 நாள், அதற்கு மேல் கொட்டிவிடுங்க.

விற்கப் போறீங்கன்னா, 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டப்படி வீட்டுச் சமையலறைக்கும் பதிவு வேண்டும். ஃபாஸ்காஸ் இணையதளத்தில் கைப்பேசியிலேயே விண்ணப்பிக்கலாம். சிறு அளவுக்குப் பதிவு, தொழில் பெரிதானால் உரிமம். கிடைக்கும் 14 இலக்க எண்ணை லேபிளில் அச்சிடணும். சேர்மானம், நிகர அளவு, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்பதும் வேண்டும். வாங்குபவர் அந்த எண்ணை ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் சரிபார்க்கலாம், புகாரும் தரலாம்.

போன வாரம் யாராவது ஆசையாகக் கொடுத்த பூண்டு எண்ணெய் மேடையில் இருந்தால், ருசி பார்க்காமலே கொட்டிடுங்க.