நீதியும் நியாயமும்

உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் டில்லியில் வாடகை வீடு தேடி அலைந்தேன். 'மதராஸிகளுக்கு இல்லை' என்று ஒருவர் கதவடைத்தார். நாட்டின் எப்பகுதியிலும் குடியிருக்கும் சுதந்திரத்தை அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு எனக்கு அளித்திருந்தது, வீடுதான் கிடைக்கவில்லை.

விதிகளும் அமைப்புகளும் ஒழுங்காயிருப்பதை 'நீதி' என்றும், மக்கள் உண்மையில் வாழும் வாழ்வு செம்மையுறுவதை 'நியாயம்' என்றும் அமர்த்தியா சென் 2009-இல் வெளியிட்ட நூலில் வேறுபடுத்தினார். நாம் ஒன்றெனக் கருதி வழங்கும் இவ்விரு சொற்களுக்கும் இடையேதான் அந்த மூடிய கதவு நின்றது.

அவருக்கு முன், 1971-இல் ஜான் ரால்ஸ் ஒரு சோதனை கூறினார். தாம் எக்குடியில், எந்நிலையில் பிறப்போம் என்றறியாதபடி ஒரு திரையின் பின்னே நின்று மக்கள் விதி வகுக்கட்டும். அப்போது அடிப்படைச் சுதந்திரங்களை யாவர்க்கும் சமமாக்குவர். கடையரின் நிலையை உயர்த்தும் ஏற்றத்தாழ்வையே பொறுப்பர். 1974-இல் ராபர்ட் நோஸிக் இதனை மறுத்தார். நேர்வழியில் ஈட்டிய உடைமையைப் பிறர் நன்மைக்கென அரசு எடுப்பது சுதந்திரத்துக்கு ஊறு என்பது அவர் வாதம்.

'என் வீடு, என் விருப்பம்' என்றே அவ்வீட்டுக்காரரும் சொன்னார். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. ஆயினும் தெருவிலுள்ளோர் அனைவரும் அவ்வாறே விரும்பினால், என் சுதந்திரம் ஏட்டளவில் நின்றுவிடும்.

சென்ற ஆண்டு ஊருக்குச் சென்றிருந்தேன். பீகாரிலிருந்து வந்த கொத்தனார் ஒருவர் எங்கள் மாடி அறையை வாடகைக்குக் கேட்டார். என் தமையனார் மறுத்தார். நான் வாளாவிருந்தேன். ரால்ஸின் திரைக்குப் பின்னே நிற்பது எத்துணை அரிதென்பதை அன்று உணர்ந்தேன்.

அடுத்த முறை ஊர் செல்லும்போது, அக்கதவுக்கு வெளியே நம்மையே நிறுத்திப் பார்ப்போமாக.