ட்யூபுக்கு மோதிரம் போட்டா ஊளை நிக்குமா?

இன்னைக்கு எபிசோட், என் வீட்டு ஆம்ப்ளிஃபையர் ஊளையிட்ட கதை.

ட்யூப் ஆம்ப்ளிஃபையர் தெரியும்தானே? தாத்தா காலத்து வால்வு ரேடியோவுக்குள்ள மங்கலா எரியுமே, அதே கண்ணாடி வால்வுதான். என்னோடது செகண்ட் ஹேண்ட். ரெக்கார்ட் ப்ளேயரை மாட்டி வால்யூமைத் திருகினா, குமிழ் பத்து மணி இடத்துக்கு வந்ததும் 'ஊஊ'ன்னு ஒரு சத்தம் கிளம்பி பாட்டையே முழுங்கிடும். ஊசியைத் தூக்கிட்டாலும் நிக்கல. அப்போ பிரச்சினை ப்ளேயர்ல இல்ல.

ட்யூபுக்குள்ள நடுவுல கேத்தோடு, அதைச் சுத்தி மெல்லிய கம்பியால ஆன கிரிட், அதுக்கு வெளியே ப்ளேட். இதுங்களுக்கு நடுவுல இருக்கிற இடைவெளிதான் மின்னோட்டத்தைத் தீர்மானிக்குது. ட்யூப் அதிர்ந்தா இடைவெளி மாறும், மின்னோட்டமும் மாறும். அதாவது ட்யூபே ஒரு மைக் ஆயிடும். இதுக்குப் பேரே மைக்ரோஃபோனிக்ஸ். ஸ்பீக்கர் சத்தம் ட்யூபை ஆட்ட, அது பெருகி மறுபடி ஸ்பீக்கருக்கே போக, நிக்காத லூப். அதுதான் அந்த ஊளை.

தேடினதும் கிடைச்ச தீர்வு டேம்பர். ட்யூபோட கழுத்துல மாட்டுற சிலிக்கோன் வளையம். அதிர்வை உறிஞ்சி வெப்பமா மாத்திடும்னு சொன்னாங்க. வாங்கி மாட்டினேன். ஊளை பத்து மணியில இருந்து பதினோரு மணிக்குத் தள்ளிப் போச்சு. அவ்வளவுதான். 'பாட்டும் தெளிவாயிடுச்சு'ன்னு பெருமையா சொன்னேன். நண்பன் விடல. ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க, ஒவ்வொரு தடவையும் ஆறவிட்டு, எனக்குத் தெரியாம மாட்டியும் கழட்டியும் கேட்க வச்சான். எட்டுல நாலு சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே மார்க்தான்!

வளையம் பிடிச்சிருக்கிறது வெளிக் கண்ணாடியை. ஆடுறது உள்ள இருக்கிற கம்பி. பக்-ஐ சரி பண்ணாம எரர் மெசேஜை மறைச்ச மாதிரிதான் நான் பண்ணிருக்கேன்.

அப்புறம்தான் ஒழுங்கா டீபக் பண்ணேன். வால்யூமைக் குறைச்சு வச்சு, பென்சிலோட ரப்பர் முனையால ஒவ்வொரு ட்யூபையும் மெதுவா தட்டினேன். முதல் ஈசிசி83 மட்டும் மணி மாதிரி 'டிங்'னுச்சு. ரெக்கார்ட் ஊசியில இருந்து வர்றது வெறும் சில மில்லிவோல்ட். அதை முதல்ல வாங்குற ட்யூப் அது. அங்க சின்ன ஆட்டம்கூட பெருசா கேட்கும். ஆஃப் பண்ணி, ஆறவிட்டு, அடுத்த இடத்துல இருந்த இன்னொரு ஈசிசி83-ஓட இடம் மாத்தினேன். ஊளை போயே போச்சு. செலவு? பூஜ்ஜியம்.

இங்கிலாந்துல வாக்ஸ் கம்பெனியும் இதே வழியிலதான் போச்சு. கிட்டார் ஆம்ப்ல ஸ்பீக்கரும் ட்யூபும் ஒரே பெட்டிக்குள்ள. ஆரம்ப ஏசி30-ல இருந்த இஎஃப்86 அந்த அதிர்வைத் தாங்கல. அதை எடுத்துட்டு ஈசிசி83 போட்டாங்க.

டேம்பர் வேஸ்ட்னு சொல்ல வரல. லேசா 'டிங்'குற ப்ரீஆம்ப் ட்யூபுக்கு உதவும். ஆனா இஎல்34 மாதிரி பவர் ட்யூப்ல சாதாரண ரப்பர் வளையம் மாட்டாதீங்க, அந்தச் சூட்டுல கருகிடும். உள்ள 300 வோல்ட்டுக்கு மேல ஓடும், அதனால மூடியைத் திறக்காதீங்க.

வாங்குறதுக்கு முன்னாடி முதல்ல தட்டிப் பாருங்க. பென்சில் எல்லார் வீட்டுலயும் இருக்கும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!