எட்டுப் பைப்பில் எத்தனை பாட்டு?

(நம் பங்கின் விழா ஆயத்தமாக, ஒத்திகையின் முடிவில் பைப் பேண்டுக் குழுவினருக்கும் பாடகர் குழுவினருக்கும் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



சென்ற ஞாயிறு ஒத்திகையில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். 8 பேரில் 4 பேர் மெட்டையும், 4 பேர் 'செகண்ட்ஸ்' என்னும் துணைச் சுரங்களையும் வாசித்தீர்கள். தாளில் பார்த்தால் நீதியான பங்கீடுதான். ஆனால் பின்னால் பாடிக்கொண்டு வந்த தாய்மார்கள் இரண்டாம் அடியிலேயே வாயை மூடிக்கொண்டார்கள். எங்கே சேர்ந்துகொள்வது என்று தெரியவில்லை என்றார்கள். பிறகு யாரால் வந்தது இந்தக் குழப்பம் என்று வாக்குவாதம். துணைச் சுரம் வாசித்த ஒரு தம்பி பைப்பை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். இன்று அவனும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். மகிழ்ச்சி. ஆகவே உபதேசத்தை ஒதுக்கிவிட்டு, கருவியைப் பற்றியே பேசுகிறேன்.

ஆர்மோனியத்தில் துருத்தியை மெல்ல அசைத்தால் ஒலி தணியும். பைப்பில் அது நடவாது. தோல்பையின் அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் ஒலி தணிவதற்கு முன் சுருதி கெட்டுவிடும். 'துணைக்காரர் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள்' என்று பைப்காரரிடம் சொல்வதில் பொருளே இல்லை. ஆட்களின் எண்ணிக்கையாலும், அவர்களை எங்கே நிறுத்துகிறோம் என்பதாலும்தான் எடையைச் சரிசெய்ய முடியும்.

அடுத்து, நம்மிடம் இருப்பவை 9 சுரங்களே. மத்திய ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரை எட்டு, அடியில் ஒரு நிஷாதம். வரிசையைக் கூர்ந்து பார்த்தால் ஏறத்தாழ நம் அரிகாம்போதிதான்; பழந்தமிழர் செம்பாலை என்றது இதையே என்று ஆய்வாளர் பலர் சொல்வர். ஸ்காட்லாந்து மலைநாட்டுக் கருவி நமக்கு அவ்வளவு அந்நியமல்ல! ஆனால் அதன் ஸட்ஜம் இன்று ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நடுவே நிற்பதால், ஆர்மோனியத்தின் எந்தக் கட்டையும் அதற்கு ஒத்துவராது. ஆர்மோனியம் வாசிக்கும் நம் ஆசிரியர் இதற்காக என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரித் தோழர் ஒருவர் வீட்டுத் திருமணத்திற்காகத் திருவரங்கம் சித்திரை வீதிக்குப் போயிருந்தேன். நாகஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, ஓரத்தில் ஒத்து ஊதும் பெரியவர் ஒருவர். இப்போது பல இடங்களில் சுருதிப்பெட்டி வந்துவிட்டதால் ஒத்தைக் காண்பதே அரிது. ஒத்தில் விரல் வைத்து வாசிக்கத் துளைகள் கிடையாது. கீழேயுள்ள துளைகளில் மெழுகு வைத்துச் சுருதியைத் திருத்துவார்கள். மூச்சு அறாமல் அந்த ஒரே ஸட்ஜத்தை அவர் ஊதிக்கொண்டே இருந்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. இடையில் இருமல் வந்து ஒரு கணம் நிறுத்தினார். பந்தியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

பைப்பில் அந்த ஒத்து ஒவ்வொருவர் தோளிலும் இருக்கிறது. ஒரு பைப்புக்குச் சுருதிக் குழல் 3. இரண்டு, பாட்டுக் குழலின் ஸட்ஜத்திற்கு ஒரு ஸ்தாயி கீழே. பெரியது இரண்டு ஸ்தாயி கீழே. 8 பேருக்கு 24 குழல்கள். துணைச் சுரம் மெட்டோடு மட்டும் இணங்கினால் போதாது, இந்த முழக்கத்தோடும் இணங்க வேண்டும். மெட்டு பஞ்சமத்தில் நிற்க, துணை காந்தாரத்தில் நின்றால் இனிமை. மெட்டு காந்தாரம் என்றால் துணை ஸட்ஜம். ஆனால் மெட்டே ஸட்ஜத்துக்கு இறங்கிவிட்டால்? கீழே இருப்பது அந்த ஒரே நிஷாதம். ஸட்ஜ முழக்கத்தின்மேல் அதை நீட்டினால் காது கூசும். அந்த இடத்தில்தான் நீங்கள் துணையை மெட்டுக்கு மேலே ஏற்றினீர்கள். மேலே ஒலிக்கும் சுரத்தையே மக்களின் காது மெட்டென்று பிடித்துக்கொள்ளும். அதுவும் 4 பேர் சேர்ந்து வாசித்தால் கேட்கவா வேண்டும்! தாய்மார்கள்மேல் குற்றமில்லை.

நானும் இதே தவற்றைச் செய்தவன். குருமடத்தில் நான்கு குரல் பாட்டுக்கு என்னைப் பொறுப்பாக்கினார்கள். தேர்ந்த குரல்களையெல்லாம் டெனருக்கும் பாஸுக்கும் வாரிக்கொண்டு, மெட்டை நாலைந்து சிறுவரிடம் விட்டேன். திருப்பலி முடிந்ததும் முதிய குரு ஒருவர், "தம்பி, இன்று என்ன பாட்டுப் பாடினீர்கள்?" என்றார். கேலி என்று எண்ணினேன். அவர் உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

ஆகவே தேர்ப்பவனியில் இப்படிச் செய்வோம். முதல் முறை 8 பேரும் மெட்டே வாசிக்கட்டும். திரும்ப வாசிக்கும்போது 2 பேர் மட்டும் துணைக்குப் போகட்டும். மெட்டு ஸட்ஜத்துக்கு இறங்கும் இடங்களில் அவர்களும் ஸட்ஜத்திலேயே சேர்ந்துகொள்ளட்டும். அந்த இருவரும் முன்வரிசையில். மக்களுக்கு அருகே பின்வரிசையில் மெட்டு. கிரேஸ் நோட்டுகள் இரு பகுதியிலும் ஒரே கணத்தில் விழ வேண்டும். இல்லாவிட்டால் சுரம் சரியாயிருந்தும் வாசிப்பு பிசிறடிக்கும்.

யார் அந்த இருவர் என்பதில்தான் மனத்தாங்கல். வாசிக்கத் தெரியாதவனை மறைத்து வைக்கும் இடம் அது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மெட்டு வாசிப்பவன் தடுமாறினால் பக்கத்திலிருப்பவனைக் கேட்டுப் பிடித்துக்கொள்ளலாம். அவனுக்கு ஐந்து பேர் துணை. செகண்ட்ஸ் வாசிப்பவனுக்கு ஒரே ஒருவன். எனவே நம்மில் சுரம் தவறாத இருவரையே தேர்ந்திருக்கிறேன்.

நாளை மாலை நாலரைக்கே வந்துவிடுங்கள். திருச்சி வெயிலில் பாட்டுக் குழலின் சுருதி ஏறும். அரைமணி நேரம் ஊதிச் சூடேறிய பிறகே 24 குழல்களையும் சேர்க்க முடியும். தம்பி, உன் பைப் இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது. போகும்போது எடுத்துக்கொண்டு போ.